தம்பி குடியை விட்டதில் யாருக்கு எவ்வளவு பங்கு?

கணக்கு டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஊர், சி.எஸ்.ஐ. சபை. முப்பத்தோரு வருஷம் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். வேதசாஸ்திரம் படித்ததில்லை. கேள்வி கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி இருபது வருஷம் குடித்தான். விட்டு நாலு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். முன்னதாகவே எழுதிக் காட்ட வேண்டும் என்றதால் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொண்டுபோனான். படித்துவிட்டு ஒரே ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பித் தந்தார்கள். அந்த வரி: "ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்." அதற்கு மேலே அவர்கள் எழுதியிருந்தது: "நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் அவர் கிருபை."

தம்பி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ நான் பேசலை" என்று வந்துவிட்டான்.

என் மகன் பெங்களூரில் இருக்கிறான். இரட்சிப்பு முழுக்கக் கடவுளின் செயல், மனுஷன் பங்கு ஒன்றுமில்லை என்கிற கால்வின் வழிப் போதனைகளை போனில் கேட்டுக் கேட்டு ஊறிப்போனவன். அவன் சபையார் பக்கம். எபேசியர் 2:1ஐக் காட்டி, "'பாவங்களினாலும் மரித்தவர்களாயிருந்த உங்களை'ன்னு போட்டிருக்கு மாமா. செத்தவன் எழும்புறதுக்கு ஒத்தாசை பண்ணுவானா?" என்றான். தம்பி திருப்பிக் கேட்டான்: "செத்தவனுக்குக் கை நடுங்குமாலே?" அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

எனக்கு உறுத்துவது இதுவும் இல்லை. எங்கள் பெரியம்மா மகன், எங்களுக்கு அண்ணன். அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் குடித்தார்கள். ஒரே கடை, பல நாள் ஒரே கடன். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே பாயில் முழங்கால் போட்டு இரண்டு பேருக்காகவும் ஜெபித்தார்கள், ஒரே ஜெபம், ஒரே அழுகை. தம்பி பிழைத்தான். அண்ணன் அதற்கு அடுத்த வருஷம் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான்.

கிருபைதான் செய்தது என்றால் அது பெரியம்மா வீட்டுத் திண்ணையில் ஏன் ஏறவில்லை? தம்பியின் உறுதிதான் என்றால் பாயில் அழுத அழுகை எதற்கு? சமன்பாட்டில் இடப்பக்கம் ஒன்றாக இருந்தால் வலப்பக்கமும் ஒன்றாக வர வேண்டும். இங்கே வரவில்லை.

இன்னொன்று. மனுஷன் முழுக்கச் சீர்கெட்டவன், அவனிடம் நன்மை ஒன்றும் கிடையாது என்கிறான் மகன். தம்பி தள்ளாடிக்கொண்டு வரும் நாளில்கூட லாரியில் அடிபட்ட நாயைத் தூக்கிவந்து மஞ்சள் வைத்துக் கட்டியவன். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

---

பழைய ஏடு எழுதியது:

டீச்சர், உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே பாய். கிருபையைப் பற்றி நிறைய எழுதிய பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டினை மடக்கியதோ ஒரே வயிறு. ரெபெக்காளின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள், இன்னும் பிறக்கவில்லை, நல்லதும் செய்யவில்லை கெட்டதும் செய்யவில்லை. அதற்குள் "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்கிறது ரோமர் 9. இதற்கு விளக்கம் கேட்டு மிலானிலிருந்து சிம்ப்ளிசியான் என்ற முதிய குரு எழுதினார். அகஸ்டின் அப்போதுதான் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராகியிருந்தார். 396 வாக்கில் நடந்தது இது.

அதற்குமுன் அவர் சொல்லிவந்த விடை எளிது: யாக்கோபு விசுவாசிப்பான் என்று கடவுளுக்கு முன்பே தெரியும், அதனால் தெரிந்துகொண்டார். உங்கள் தம்பிக்கு உறுதி இருந்தது என்று சொல்வது மாதிரி. பதில் எழுத உட்கார்ந்தபோது 1 கொரிந்தியர் 4:7 குறுக்கே வந்து நின்றது: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" அந்த விசுவாசமும் பெற்றுக்கொண்டதுதானே? வயதான காலத்தில் தம் நூல்களைத் தாமே திரும்பப் பார்த்தபோது இந்த இடத்தைப் பற்றி, மனுஷ சித்தத்துக்காகத்தான் மல்லுக்கட்டினேன், கிருபை ஜெயித்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். தோற்றவர் எழுதுகிற வாக்கியம் அது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அங்கேதான்.

ஆனால் டீச்சர், ஏசாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அவரிடம் விடை கிடையாது. கடவுளின் நியாயம் மறைவானது, ஆனால் அநியாயம் அல்ல என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். விடை இருக்கிற மாதிரி யாராவது உங்களிடம் பேசினால் அவர் அகஸ்டினைவிடத் துணிச்சலானவர்.

எதிர்த்தரப்பு பெலாஜியஸ், மனுஷன் தன் சித்தத்தாலேயே நல்வழியில் நடக்க முடியும் என்றவர். நம்மூர்ப் பிரசங்கங்களில் அவரை வில்லனாக்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் பிறந்து ரோமுக்கு வந்த துறவி, ஒழுக்கத்தில் கறார். "நீர் கட்டளையிடுவதைத் தாரும், நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்று அகஸ்டின் எழுதிய ஜெபத்தை ஓர் ஆயர் சொல்லக் கேட்டு அவரால் தாங்க முடியவில்லை. கடவுள் தந்தால்தான் ஒழுங்காக இருப்பேன் என்று ஒருவன் சொன்னால் அவனை யார் திருத்துவது? குடிகாரனின் வாயில் அந்த ஜெபத்தை வைத்துப் பாருங்கள், அவர் கோபம் புரியும்.

410இல் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடிய சமயத்தில் அவர் ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்து, அங்கிருந்து பாலஸ்தீனத்துக்குப் போனார். 415இல் அங்கே டியோஸ்பொலிஸில் கூடிய ஆயர்கள் அவர்மேல் குற்றமில்லை என்றார்கள். 418இல் கார்தேஜ் சங்கம் குற்றம் என்றது. மூன்றே வருஷம்.

கடைசியாக ஒன்று, உங்கள் பைபிளிலேயே பார்க்கலாம். அகஸ்டின் கையில் இருந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் ரோமர் 5:12, "அவனில் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்" என்று படிக்கும்படி இருந்தது, அதாவது ஆதாமுக்குள். ஜென்மபாவம் என்றால் குற்றமே வாரிசாக வருகிறது என்று அவர் வாதாடியதில் அந்த வரிக்குப் பெரிய பங்கு. கிரேக்கத்தில் அப்படி இல்லை என்பதுதான் இன்று பெரும்பாலோர் கருத்து. அதனால்தான் கீழைச் சபைகள் ஆதாமிடமிருந்து மரணமும் பலவீனமும் வந்தன, குற்றப்பழி வரவில்லை என்கின்றன. நம் தமிழ் வேதாகமம் எந்தப் பக்கம்?

---

கணக்கு டீச்சர் எழுதியது:

எடுத்துப் பார்த்தேன். "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்றுதான் இருக்கிறது. அம்பது வருஷமாக வாசிக்கிறேன், 'படியால்' என்ற ஒரு சொல்லில் இத்தனை வழக்கு இருக்கும் என்று தெரியாது. நன்றி ஐயா. பெலாஜியஸை அண்ணனிடம் அனுப்பியிருக்கலாம் என்று முதலில் தோன்றியது. அப்புறம் தோன்றியது, அண்ணனைத் திட்டித் திருத்தப் பார்த்தவர்கள் எல்லாருமே பெலாஜியஸ்தான். ஒருத்தராலும் முடியவில்லை.

---

சேலத்து மெதடிஸ்ட் எழுதியது:

அக்கா, நாய் விஷயத்துக்கு முதலில் வருகிறேன். 'முழுச் சீர்கேடு' என்பதற்கு, மனுஷனால் எவ்வளவு கெட முடியுமோ அவ்வளவு கெட்டுவிட்டான் என்று அர்த்தமில்லை. கால்வின்காரர்களே அப்படிச் சொல்வதில்லை. சுவரில் ஓதம் ஏறினால் எல்லாக் கல்லிலும் ஈரம் இருக்கும், வீடு நிற்கத்தான் செய்யும், ஆட்களும் குடியிருப்பார்கள். ஆனால் ஓதம் ஏறாத ஒரு மூலையைக் காட்டி, இங்கிருந்து சுவர் தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. புத்தி, ஆசை, சித்தம் எதுவும் தப்பவில்லை என்பதுதான் 'முழு'. நாய்க்கு மஞ்சள் வைத்தது நல்ல காரியம்தான். அதைப் பாவம் என்று யார் சொன்னாலும் எழுந்து போய்விடுங்கள்.

ரொம்பப் பேருக்குத் தெரியாதது: இந்தச் சீர்கேட்டை எதிர்த்தரப்பும் ஒத்துக்கொண்டது. கால்வின்காரர்களோடு முரண்பட்ட வேதசாஸ்திரி ஆர்மீனியஸ் 1609இல் இறந்தபின் அவருடைய ஆட்கள் 1610இல் நெதர்லாந்தில் ஐந்து கூற்றுகளை வைத்தார்கள். மூன்றாவது கூற்றே, மனுஷனுக்குத் தன்னால் இரட்சிக்கும் விசுவாசம் கிடையாது, மறுபடி பிறந்தாக வேண்டும் என்பதுதான். இந்த விஷயத்தில் சண்டை வந்தது நாலாவதில்: அந்தக் கிருபையைத் தட்டிவிட முடியுமா, முடியாதா. முடியும் என்றார்கள் இவர்கள். 1618 நவம்பரில் டோர்ட் நகரத்தில் சங்கம் கூடி மறு வருஷம் மே வரை உட்கார்ந்து, முடியாது என்று தீர்த்தது. அந்த மே மாதத்திலேயே ஆர்மீனியஸின் ஆட்களுக்கு ஆதரவாக இருந்த முதிய அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை வெட்டினார்கள். அரசியல் காரணமும் உண்டு. ஆனாலும் கிருபையைப் பற்றிய வாதம் வெட்டுமேடைக்குப் பக்கத்தில் நடந்தது என்பதை நான் மறப்பதில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் வெஸ்லி என்ன சொன்னார் என்றால், செத்தவன் எழும்ப மாட்டான், சரி. ஆனால் யாருமே அப்படி முழுக்கச் செத்துக் கிடக்கவில்லை. முந்திச் செல்லும் கிருபை ஒன்று எல்லாரிடமும் ஏற்கெனவே போய்விட்டது. அதனால்தான் பதில் சொல்ல முடிகிறது. கை நடுங்கும்போதும் டம்ளரைத் தள்ளிவைத்தது தம்பிதான், தள்ளும் பலம் முந்தியே வந்து சேர்ந்தது.

யாருக்கு இரட்சிப்பு என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பதுதான் முன்குறித்தல். 1739இல் பிரிஸ்டலில் அவர் அதற்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். கால்வின் வழி நின்ற நண்பர் வைட்ஃபீல்டு அதற்கு மறு வருஷம் டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து காரசாரமாகப் பதில் கடிதம் எழுதினார். ரொம்ப வருஷம் மனத்தாங்கல். ஆனால் 1770இல் வைட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் அடக்கப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. உங்கள் மகனும் தம்பியும் பேசாமல் இருப்பதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு வேடிக்கை. வெஸ்லியை அச்சில் நார்நாராகக் கிழித்த இன்னொரு கால்வின் வழிப் போதகர் டாப்லேடி. 1776இல் ஒரு பத்திரிகையில் இங்கிலாந்தின் தேசியக் கடனை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விநாடிக்கு ஒரு பாவம் என்று வைத்தால் எண்பது வயதில் ஒருவன் கணக்கில் 2,52,28,80,000 பாவம், இதை யார் அடைப்பது என்று கேட்டு, முடிவில் ஒரு பாட்டைப் போட்டார். அந்தப் பாட்டுதான் நாம் பாடும் 'பிளவுண்ட மலையே'. கிறிஸ்துமஸில் பாடும் 'கேள்! ஜென்மித்த ராயர்க்கே' வெஸ்லியின் தம்பி சார்லஸ் எழுதியது. உங்கள் சி.எஸ்.ஐ. பாமாலையில் இரண்டு பேரும் ஒரே அட்டைக்குள் கிடக்கிறார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், கால்வின் வழி வந்த சபைகள் எல்லாம் சேர்ந்துதானே உங்கள் திருச்சபை ஆனது! ஆக, அடித்த சிவப்பு மையும் உங்கள் சபைதான், அடிபட்ட வரியும் உங்கள் சபைதான்.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது, ஆனால் லீப் வருஷத்தை விட்டுவிட்டார். இருபது நாள் குறைகிறது. பதினேழு லட்சத்து இருபத்தெட்டாயிரம் பாவம் தள்ளுபடி.

---

மகன் எழுதியது:

டீச்சர் சொன்ன பெங்களூர் மகன் நான்தான். அம்மா, லிங்கை நீங்களே அனுப்பிவிட்டு நான் படிக்க மாட்டேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

என்னைக் கல்நெஞ்சன் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் வேலை போய் நாலு மாதம் அறைக்குள்ளேயே கிடந்தேன், உங்களிடம் சொல்லவில்லை. ஜெபம் வரவில்லை. பைபிளைத் திறக்கக் கை வரவில்லை. விசுவாசம் என்பது நான் பிடிக்கும் பிடி என்றால், என் பிடி அன்றைக்கே விட்டுப்போனது. அப்போது கேட்ட ஒரு போதனைதான், பிடித்திருப்பவர் அவர், நீ அல்ல என்று சொன்னது. முன்குறித்தல் என்றால் எல்லாருக்கும் நரகத்துக்குப் போகிறவர்களின் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அது தரையில் கிடந்தவனுக்குக் கீழே இருந்த தரை.

இறந்துபோன பெரிய மாமாவைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. மாமாவிடம் பேசியதில் தப்பு என்னுடையதுதான். எனக்கு மருந்தாக வந்ததை அவர்மேல் கல்லாக எறிந்துவிட்டேன். இன்றைக்கு ராத்திரி போன் பண்ணுகிறேன்.

---

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கம் கிருபை என்பதை அருள் என்போம், பொருள் ஒன்றுதான். இந்தச் சண்டை எங்கள் வீட்டிலும் உண்டு. மொலினா வழி இயேசு சபையாரும் பானியெஸ் வழி டொமினிக்கன் சபையாரும் அருளா சுயசித்தமா என்று மோதி, 1598இலிருந்து ரோமில் விசாரணை நடந்தது. ஒன்பது வருஷம் கேட்டுவிட்டு 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் சொன்ன தீர்ப்பு: ஒருவரை ஒருவர் தப்பறைக்காரர் என்று சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போங்கள். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

உங்கள் தம்பிக்கு எங்கள் பக்கத்து அறிஞர் எராஸ்மஸ் பிடிப்பார். 1524இல் லூதரை எதிர்த்து எழுதிய நூலில் ஓர் உவமை. நடை பழகாத குழந்தை விழுந்து கிடக்கிறது. அப்பா தூக்கி நிறுத்துகிறார், எதிரே ஓர் ஆப்பிளைக் காட்டுகிறார். குழந்தை ஓடப் பார்க்கிறது, கால் பின்னுகிறது, அப்பா கைகொடுத்துக் கூட்டிப்போய் ஆப்பிளைக் கையில் தருகிறார். அப்பா இல்லாமல் எழுந்திருக்கவும் முடியாது, ஆப்பிளைப் பார்க்கவும் முடியாது. ஆனாலும் கால் எட்டு வைத்தது குழந்தைதான். மறு வருஷம் லூதர் திருப்பி அடித்தார்: மனுஷ சித்தம் ஒரு பொதிமாடு, கடவுள் ஏறினால் அவர் போகச் சொன்ன பக்கம், பிசாசு ஏறினால் அவன் சொன்ன பக்கம். யார் ஏறுவது என்று மாடு தேர்ந்துகொள்ள முடியாது. ஆனால் அதே புத்தகத்தில், மற்றவர்கள் பாப்பரசர், உத்தரிக்கிற ஸ்தலம் என்று சில்லறையைப் பேசினார்கள், நீர் ஒருவர்தான் நேராகக் குரல்வளையைப் பிடித்தீர் என்று எராஸ்மஸைப் பாராட்டவும் செய்தார்.

---

கீழச்சித்திரை வீதி எழுதியது:

நான் உங்கள் மதமில்லை, ஸ்ரீரங்கம். இருந்தாலும் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்போம். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். எங்கள் வைணவத்தில் வடகலையார் ஒரு சின்ன வியாஜமாவது, அதாவது நம் பக்கமிருந்து ஒரு சாக்காவது, வேண்டும் என்பார்கள், தென்கலையார் அதுவும் வேண்டாம் என்பார்கள். ஆதாம் கதை எங்களிடம் கிடையாது, அதனால் இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கருணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள் எங்கள் பக்கம் கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள் என்பதை மட்டும் ஒரு பக்கத்து வீட்டுக்காரனாகச் சொல்லிவைக்கிறேன்.

---

பதினோரு வருஷம் எழுதியது:

அக்கா, என் பெயரே நான் குடிக்காமல் இருக்கும் கணக்கு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறேன்.

அந்த வரியை அடித்தவர் ஒரு நாளும் கை நடுங்கி டம்ளரைக் கீழே விட்டதில்லை என்று பந்தயம் கட்டுவேன். எங்கள் பன்னிரண்டு படிகளில் முதல் படியே, குடிக்கு முன் நாங்கள் சக்தியற்றவர்கள் என்று ஒத்துக்கொள்வது. அதற்காக வீட்டில் படுத்துக்கொள்ளச் சொல்வதில்லை. கூட்டத்துக்கு வா, நாற்காலியை எடுத்துப் போடு, டீ போடு, ராத்திரி நமைச்சல் எடுத்தால் போன் பண்ணு. முழுக்கச் சக்தியற்றவனுக்கு இவ்வளவு வேலை! முதல் வருஷம் எனக்கும் இது முரணாகப் பட்டது. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். குடிக்காமல் இருப்பதே வேலையாக இருந்தது.

இந்தக் கூட்டத்தின் வேர் 1930களில் இருந்த ஒரு கிறிஸ்தவ இயக்கம், ஆக்ஸ்போர்டு குரூப். அதனால் உங்கள் சண்டையின் வாடை எங்களிடமும் இருக்கும்.

அண்ணனைப் பற்றி: என்னோடு சேர்ந்தவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. மூன்று பேரும் என்னைவிட உறுதியானவர்கள், ஒருவர் என்னைவிட நன்றாக ஜெபிப்பார். எனக்கு ஏன் கிடைத்தது என்று கேட்டால் "கிருபை" என்று சொல்ல வாய் வருகிறது. அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அதே சொல் வாயில் வர மறுக்கிறது. உள்ளதைச் சொல்கிறேன்.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மகன் போன் பண்ணினான். மாமாவும் மருமகனும் முக்கால் மணி நேரம் பேசினார்கள், பெரும்பாலும் கிரிக்கெட். (அந்த நாலு மாதத்தைப் பற்றித் தனியே பேசிக்கொள்கிறோம்டே.)

நேற்றுச் சாயங்காலம் இந்த இழை முழுவதையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். யாக்கோபு ஏசா வந்த இடத்தில் எழுந்து போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தான். பொதிமாடு அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆப்பிள் குழந்தையை மட்டும் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு சொன்னான்: "என்னை ஆஸ்பத்திரியில கொண்டு விட்டது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

அம்மா என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அண்ணனாம். அன்றைக்கு விடியற்காலையில் அண்ணனே நிதானத்தில் இல்லை. இவன் ரத்தமாக வாந்தி எடுத்ததைப் பார்த்துப் பயந்து, கடன் சொல்லி ஒரு ஆட்டோ பிடித்து, வாசலில் இறக்கி, "நீ உள்ள போ, நான் ஒரு பீடி குடிச்சிட்டு வாறேன்" என்றிருக்கிறான். வரவே இல்லை. மறுநாள் சேதி தெரிந்து அம்மா போய்ப் பார்த்தபோது இவன் மயக்கத்தில். யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

சாட்சித் தாளில் இது இல்லை. "அத எப்படி எழுதுறது, அவன் பேரச் சொன்னா குடிகாரன்னுதான கேப்பாங்க" என்றான். பதினேழு நாள் வரியை எடுத்துவிடலாம், பரவாயில்லை, ஆனால் ஆட்டோவைச் சொல்லாமல் ஏற மாட்டானாம்.

நாளைக்குக் காலையில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம், பெயரைச் சொல்லலாமா என்று கேட்க.